தருமபுரியிலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்தே போக: அரூர், தீர்த்தமலை வழி

தைப்பூசத்துக்குப் பழனி நடந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சாலையில் பசித்தால் பந்தல் இருக்கும், தாகம் எடுத்தால் மோர் இருக்கும், கால் ஓய்ந்தால் நூறு பேருக்கு நடுவே நாமும் ஒரு துண்டை விரித்துப் படுத்துவிடலாம். தருமபுரியிலிருந்து அரூர், தீர்த்தமலை, தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகத் திருவண்ணாமலைக்கு நடந்தால் இவற்றில் ஒன்றும் கிடைக்காது. கரும்புத் தோட்டம், மரவள்ளிக் காடு, தூரத்தில் மலை, எப்போதாவது ஒரு பஸ், அவ்வளவுதான். அந்த அமைதிக்காகத்தான் இந்த வழியைச் சொல்கிறேன். ஆனால் அதற்கான ஏற்பாடு முழுவதும் நம் கையில் இருக்கிறது.

முதல் முறை நானும் இரண்டு நண்பர்களும் பழனி நடந்த தைரியத்தில், ஆளுக்கு ஒரு பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பங்குனியில் கிளம்பிவிட்டோம். நான்காம் நாள் இரவு ஓர் ஊரில் படுக்க இடம் கிடைக்காமல் பஸ் நிழற்குடையில் படுத்தோம். நடுராத்திரி ரோந்து வந்த காவலர்கள் எழுப்பி அடையாள அட்டை கேட்டார்கள். மூன்று பேரில் ஒருவரிடம்தான் இருந்தது. விசாரித்துவிட்டுப் பத்திரமாக இருக்கச் சொல்லிப் போனார்கள். மறுநாள் காலில் கொப்புளம் உடைந்து, அங்கிருந்தே பஸ் ஏறித் திரும்பிவிட்டோம். வேண்டுதலை முடிக்காமல் வீட்டு வாசலில் வந்து நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. அடுத்த மார்கழியில் ஆறு பேராக, எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போய் முடித்தோம். முதல் முறை போகிறவர்கள் நாங்கள் பட்ட பாட்டைப் படக் கூடாது என்பதற்காகக் கீழே எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள்

நடக்க நல்ல மாதம் மார்கழி. குளிர்ச்சியாக இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கல்யாண மண்டபம். இந்த வழியில் ஒரு குழு படுக்கவும் குளிக்கவும் கழிப்பறை போகவும் வசதியான இடம் என்றால் ஊர்களில் இருக்கும் சிறிய மண்டபங்கள்தான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். வாடகையும் பேசிக் குறைக்கலாம். தை பிறந்துவிட்டால் அதே மண்டபத்துக்காரர் போனையே எடுக்க மாட்டார்.

ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம் எப்போதும் சாதுவாக இருக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் நீங்கள் சாலையில் இருக்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே தார் சுடும். ஆடியில் மண்டபம் காலிதான், ஆனால் ஆடிப்பெருக்கை ஒட்டித் தீர்த்தமலையிலும் தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமன்தீர்த்தத்திலும் கூட்டம் சேரும். மாசியில் தீர்த்தமலையில் திருவிழா. கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போகலாம், தங்க இடம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்து பௌர்ணமியைப் பாருங்கள். திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி அன்று போய்ச் சேருவது புண்ணியம் என்று தோன்றும். நடந்து களைத்துப் போகிற ஆறு பேருக்கு அது பெரிய சிரமம். கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள், அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை பல மடங்கு. ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களில்தான் பஸ் நிற்கும். பௌர்ணமிக்கு மறுநாள் தருமபுரியில் கிளம்புங்கள். இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. தேய்பிறையில் விடியற்காலை வானத்தில் நிலா இருக்கும். விளக்கில்லாத சாலையில் நாலரை மணிக்கு நடப்பவருக்கு அந்த வெளிச்சம் பெரிய துணை. வளர்பிறையில் அந்த நேரத்துக்கு நிலா மறைந்துவிடும்.

டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளும் திருவண்ணாமலையில் இருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் அறை கிடைப்பது கஷ்டம்.

2. கிலோமீட்டரை வைத்து அல்ல, தங்கும் இடத்தை வைத்து வழியைப் பிரியுங்கள்

மொத்த தூரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு முப்பது நடந்தால் நாலு நாள் என்று கணக்குப் போட்டுத்தான் நாங்கள் முதல் முறை தோற்றோம். முப்பதாவது கிலோமீட்டரில் ஊர் இருக்காது. இப்போது நான் சொல்வது ஆறு நாள்.

முதல் நாள் தருமபுரிக் கோட்டைக் கோவிலில் கும்பிட்டுவிட்டு மொரப்பூர் வரை, சுமார் 26 கிலோமீட்டர். இதுதான் இருப்பதிலேயே நீளமான நாள், போக்குவரத்தும் அதிகம். புதியவர்கள் இதைத் தவிர்த்து மொரப்பூரிலிருந்தே தொடங்கலாம், தவறே இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் அது வசதி. ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாதையில் மொரப்பூர் நிலையம் இருக்கிறது.

இரண்டாம் நாள் மொரப்பூரிலிருந்து அரூர், 13 கிலோமீட்டர்தான். வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன். முதல் நாள் நடந்த கால் இரண்டாம் நாள்தான் தன் கதையைச் சொல்லும். அரூரில் மருந்துக்கடை, அரசு மருத்துவமனை, ஏ.டி.எம்., செருப்புக்கடை எல்லாம் உண்டு. குறைந்ததை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் இவ்வளவு வசதியான ஊர் திருவண்ணாமலைதான்.

மூன்றாம் நாள் தீர்த்தமலை, 16 கிலோமீட்டர். நான்காம் நாள் நரிப்பள்ளி வழியாகத் தானிப்பாடி, இருபதை ஒட்டி. இந்தப் பகுதிதான் மிகவும் அமைதியானது. கடைகள் தள்ளித் தள்ளித்தான் வரும், சில இடங்களில் எங்கள் போனில் சிக்னலே இல்லை. ஐந்தாம் நாள் தண்டராம்பட்டு, சுமார் 18. ஆறாம் நாள் திருவண்ணாமலை, சுமார் 17.

கிருஷ்ணகிரிக்காரர்கள் மத்தூர் வழியாக ஊத்தங்கரை வந்து, அங்கே நெடுஞ்சாலையை விட்டுவிட்டு அனுமன்தீர்த்தம் வழியாகத் தீர்த்தமலையில் சேர்ந்துகொள்ளலாம். ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை, செங்கம் என்று நெடுஞ்சாலையிலேயே போனால் தூரம் குறைவு, கடைகளும் அதிகம். ஆனால் லாரிக் காற்று நாள் முழுக்க முகத்தில் அடிக்கும். நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

கூகுள் வரைபடம் காட்டும் குறுக்கு வழிகளை நம்பாதீர்கள். இந்தப் பக்கம் பல இடங்களில் சாலையை ஒட்டியே காப்புக்காடு இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது வனச் சட்டப்படி குற்றம். தார்ச்சாலையிலேயே போங்கள்.

3. தங்கும் இடங்களை நேரில் போய்ப் பேசுங்கள்

இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பைக்கில் தருமபுரியிலிருந்து கிளம்பி, நடக்கப் போகும் வழியிலேயே போய், ஒவ்வொரு ஊரிலும் நின்று இடம் பேசிவிட்டு வாருங்கள். போனில் பேசினால் போதும் என்று ஒரு ஊரில் விட்டுவிட்டேன். “வாங்க சாமி, இடம் இருக்கு” என்றுதான் மண்டபத்தில் சொன்னார்கள். போய் நின்றபோது உள்ளே காதுகுத்து விசேஷம் நடந்துகொண்டிருந்தது. மார்கழியிலும் இப்படி ஏதாவது வரும் என்று நான் நினைக்கவில்லை. முன்பணம் கொடுத்து ரசீது வாங்கவில்லை, அது என் தவறுதான். 500 ரூபாயாவது கொடுத்து, தேதி எழுதிய சீட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லா இடத்துக்கும் மறுபடி ஒரு போன்.

நேரில் பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? மோட்டார் போட யார் வருவார், அவர் நம்பர் என்ன? இரவு வெளிக்கதவைப் பூட்டுவார்களா, பூட்டினால் விடியற்காலை நாலரைக்கு யார் திறப்பார்? படுக்கும் கூடத்தில் மின்விசிறியும் செல்போன் சார்ஜ் போட இடமும் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால் தண்டராம்பட்டில் ஆறு மணி வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று ஊரில் யாராவது சொல்வார்கள். தலைமையாசிரியர் சம்மதம் இல்லாமல் போகாதீர்கள், வேலை நாளில் அது நடக்கவும் நடக்காது. ஊராட்சிச் சமுதாயக் கூடம் என்றால் ஊராட்சித் தலைவரையோ செயலரையோ முன்பே பார்த்துக் கேளுங்கள். கோவில் மண்டபம் என்றால் கோவில் அலுவலகத்தில் கேளுங்கள். பூசாரி சரி என்று சொன்னது மட்டும் போதாது.

பெண்கள் வரும் குழு என்றால் தங்குமிடத்தோடு வழியில் உள்ள கழிப்பறைகளையும் அன்றே குறித்து வாருங்கள். பெட்ரோல் பங்குகளில் இருக்கும், கேட்டால் விடுவார்கள். பங்க் இல்லாத தூரத்தில் எந்த வீட்டில் கேட்பது என்ற தயக்கத்தில் என் அக்கா முதல் நாள் பாதி வழிக்கு மேல் தண்ணீரே குடிக்கவில்லை. மாலையில் தலைவலியும் மயக்கமுமாக உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் வெட்கப்படாமல் வீடுகளில் கேட்டோம். எந்த வீட்டிலும் மறுக்கவில்லை.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆதார் அசல் ஒவ்வொருவரிடமும், ஆளுக்கு நான்கு நகல். லாட்ஜில் ஒவ்வொருவருடைய நகலையும் கேட்பார்கள், ராத்திரியில் ஜெராக்ஸ் கடை தேடி அலைய முடியாது.

எல்லோர் பெயர், வயது, ரத்த வகை, வீட்டு நம்பர், சாப்பிடும் மருந்து ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டையும் எட்டு நாளைக்கான மாத்திரையையும் தங்கள் கையிலேயே வைத்திருக்கட்டும். மொத்த மாத்திரையையும் ஒரே பையில் போட்டு வண்டியில் வைக்காதீர்கள்.

காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம். ஐந்தாறு பேர் நடப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் எங்கிருந்து எங்கே, எந்தெந்தத் தேதி, எந்த வழி, எத்தனை பேர், யாருடைய நம்பர் என்று ஒரு பக்கத்தில் எழுதி உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம். எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. இரண்டாவது பயணத்தில் ஓரிடத்தில் விசாரித்தபோது அந்தத் தாளைக் காட்டியதும் “பார்த்துப் போங்க” என்று அனுப்பினார்கள். ஒலிபெருக்கி, தேர் என்று பெரிய குழுவாகப் போவதாக இருந்தால் கட்டாயம் முன் அனுமதி வாங்க வேண்டும், அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.

5. துணைக்கு ஒரு வண்டி

இந்த வழியில் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்எல் போன்ற மொபெட்டில் முன்னால் போகட்டும். எங்கள் குழுவில் மாமா அந்த வேலையைச் செய்தார். முழங்கால் வலியால் அவரால் நடக்க முடியாது. ஆனால் அவர் இல்லாமல் நாங்களும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. தண்ணீர்க் கேன், மாற்றுத் துணி, போர்வை எல்லாம் வண்டியில். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை சாலையோரம் நின்று தண்ணீர் கொடுப்பார். முன்னால் போய் டிபன் சொல்லி வைப்பார், மண்டபம் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் நடப்பில் இருக்க வேண்டும். சிலர் டாடா ஏஸ் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாதவர்களைப் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்ட விரோதம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. கால் வலித்தவரைப் பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புங்கள்.

6. காலைப் பழக்குங்கள்

குறைந்தது மூன்று வாரம். முதல் வாரம் தினமும் ஐந்து கிலோமீட்டர், அடுத்த வாரம் எட்டு, ஞாயிறுகளில் ஒரு நீண்ட நடை. தருமபுரியிலிருந்து அதியமான்கோட்டை காலபைரவர் கோவிலுக்குப் போய்த் திரும்பினால் பதினைந்தை ஒட்டி வரும். கிருஷ்ணகிரியில் இருப்பவர்கள் கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய் வரலாம். பயணத்தில் என்ன செருப்போ, என்ன துணியோ, அதையே பயிற்சியிலும் போடுங்கள். புதுச் செருப்போடு கிளம்பியவர்களில் ஒருவர்கூடக் கொப்புளம் இல்லாமல் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

வெறுங்காலோடு நடக்கிறேன் என்பது பலருடைய வேண்டுதல். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயவுசெய்து வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கண்ணாடித் துண்டு குத்தினாலும் தெரியாது, தெரியும்போது புண் பெரிதாகியிருக்கும். சாமி செருப்பைப் பார்த்துக் கோபிக்க மாட்டார். கோவில் வாசலில் கழற்றி வைத்தால் போதும்.

வேட்டியோடு நடக்கும் ஆண்கள் உள்ளே முட்டி வரை வரும் கால்சட்டை போடுங்கள், தொடை உரசிப் புண்ணாவது கொப்புளத்தைவிட வேதனை. கிளம்புமுன் விரல் இடுக்கிலும் தொடையிலும் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின். கொப்புளம் வந்தால் தோலைப் பிய்க்காதீர்கள். அதன்மேல் பஞ்சு வைத்து ஒட்டுப்பட்டை போட்டு மூடுங்கள், உடைந்துவிட்டால் கழுவி மருந்து போட்டுக் கட்டுங்கள்.

7. நடக்கும் நேரமும் முறையும்

பழனிக்கு நள்ளிரவில் எழுந்து நடப்போம். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். கூட்டம் இல்லாத இருட்டுச் சாலையில் நாய்கள் கூட்டமாக வரும். கரும்பு வெட்டும் காலம் என்பதால் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்களும் ராத்திரி முழுக்கப் போகும். நாலு மணிக்கு எழுந்து நாலரைக்குக் கிளம்புங்கள். ஒன்பதரைக்குள் அன்றைய நடையில் பெரும்பகுதி முடிந்துவிட வேண்டும். மீதி இருந்தால் மாலை நாலு முதல் ஆறு வரை. ஓய்வெல்லாம் சேர்த்து மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். அதற்கு மேல் போட்டால் ஏமாற்றம்தான்.

சாலையின் வலது பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். பின்னால் வரும் வண்டிக்கு முதுகைக் காட்டி இடது பக்கம் நடப்பதுதான் பலரும் செய்வது, ஆபத்தும் அதில்தான். பையிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், சைக்கிள் கடையில் கிடைக்கும். முன்னால் நடப்பவர் கையிலும் கடைசியில் நடப்பவர் கையிலும் டார்ச். மெதுவாக நடக்கிறவரை எப்போதும் முன்னால் விடுங்கள், குழு பிரியாது.

8. தண்ணீரும் சாப்பாடும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. இரண்டு மூன்று நாள் போர் தண்ணீர் குடித்தால் பல்லோ எலும்போ கெட்டுவிடாது. ஆனால் பழக்கமில்லாத உப்புத் தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும், நடைப்பயணத்தில் அது பெரிய இடைஞ்சல். வீடுகளில் கேட்கும்போது “ஒகேனக்கல் தண்ணி இருக்காங்க்கா?” என்றே கேளுங்கள், புரிந்துகொண்டு அந்தக் குடத்திலிருந்து கொடுப்பார்கள். தானிப்பாடிப் பக்கம் போனதும் மாவட்டம் மாறிவிடுகிறது, அங்கே இந்தக் கேள்வி பயன்படாது. இருபது லிட்டர் கேன் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு ஆறு. பெரிய பொட்டலம் ஒன்றை ஒரு முழு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் மொத்தத்தையும் கொட்டிக் குடித்தால் நன்மைக்குப் பதில் கெடுதல்.

காலையில் இட்லி, நடுவில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும், மதியம் சாதம். இந்தப் பக்கத்துக் களியும் கீரைக் கடைசலும் அவ்வளவு ருசி, யாராவது வீட்டில் கூப்பிட்டுப் போட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அன்றைய நடை முடிந்த பிறகு சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் நடக்க முடியாது. மாலை ஏழு மணிக்கு மேல் சின்ன ஊர்களில் கடை இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரவு டிபனை மதியமே சொல்லி வையுங்கள்.

ரொக்கமாக ஆளுக்கு 1,500 ரூபாயாவது, பத்து, இருபது, ஐம்பதாக. சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே ஓடாது, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறையும் கிடைக்காது.

9. தீர்த்தமலை

காலை பத்து மணிக்குள் அடிவாரம் சேர்ந்து, படுத்து எழுந்து, இரண்டரை மணி வாக்கில் ஏறுங்கள். மேல் கோவிலுக்கு ஏற எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், கோவில் நடை சாத்தும் நேரத்தை வந்ததுமே அடிவாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். குரங்குகள் நிறைய. பழம், பிஸ்கட், பிளாஸ்டிக் கவர் எதுவும் கையில் தெரியக் கூடாது. மூக்குக் கண்ணாடியும் பத்திரம்.

மேலே பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் நின்றபோது மூன்று நாள் அலுப்பும் போய்விட்டது. என் மனைவி அந்த இடத்தை விட்டு வர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கொப்புளம் இருப்பவர்கள் ஈரக் காலோடு இறங்காமல் துடைத்து உலர்த்திவிட்டு இறங்குங்கள். ஊறிய தோல் கல்படியில் பட்டால் உரிந்துவிடும்.

அனுமன்தீர்த்தத்தில் தென்பெண்ணையில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள், மேலே கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

10. ஏதாவது நடந்துவிட்டால்

108 எல்லோருக்கும் தெரியும். இடம் சொல்லத் தெரியாமல்தான் தடுமாறுவோம். மைல்கல்லைத் தாண்டும்போதெல்லாம் ஊர்ப் பெயரையும் எண்ணையும் கடைசியில் நடப்பவர் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும், அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நாய் கடித்தால், கீறல்தான் என்றாலும், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி போடுங்கள், இலவசம்தான். நடையை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து 108 வண்டியை வரவழையுங்கள்.

11. திருவண்ணாமலையில்

அறையை இரண்டு வாரத்துக்கு முன்பே பணம் கட்டி உறுதி செய்யுங்கள். ஆசிரமங்களில் தங்க நினைப்பவர்கள் இன்னும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். சேர்ந்த அன்று சாமி பார்த்துவிட்டுத் தூங்குங்கள். கோவிலில் மதியம் நடை சாத்துவார்கள், அதனால் பதினொன்றுக்குள் போக முடியாவிட்டால் மாலைதான் தரிசனம். கிரிவலம் 14 கிலோமீட்டர், அதை மறுநாள் விடியற்காலை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அன்றிரவே சுற்றிவிடலாம் என்று கிளம்பி, பாதியில் இரண்டு பேரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: வனத்துறை அனுமதி இல்லாமல் மலைமேல் ஏறத் தடை இருக்கிறது. வழி காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

12. செலவும் திரும்பும் வழியும்

ஆறு பேருக்கு எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். சாப்பாடு நாளைக்குத் தலைக்கு 200 வீதம் ஆறு நாளைக்கு 7,200. மொரப்பூரிலும் தண்டராம்பட்டிலும் மண்டபம் 1,500 வீதம் 3,000. அரூரில் லாட்ஜ் அறை இரண்டு, 1,800. தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு வீட்டு மாடிக்கு 500. தானிப்பாடியில் சொந்தக்காரர் வீடு, பழம் வாங்கிப் போனதோடு சரி. திருவண்ணாமலையில் அறை இரண்டு, 3,000. பெட்ரோல் 700, மருந்து 900, திரும்பும் பஸ் 600. மொத்தம் 17,700, தலைக்கு மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இதற்கு மேல் ஆயிரம் ரூபாயை அவசரத்துக்கு என்று தனியே முடிந்து வையுங்கள். காணிக்கைக்கு மஞ்சள் துணியில் முடிந்த காசில் கை வைக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

திரும்ப அரூர் வழியாகவோ ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகவோ பஸ் பிடிக்கலாம். அரூர் வழியில் வாருங்கள். ஆறு நாள் நடந்த சாலை ஜன்னலில் மூன்று மணி நேரத்துக்குள் ஓடிவிடும். தண்டராம்பட்டில் இறங்கி சாத்தனூர் அணை பார்க்க ஆசைப்பட்டால் அதை இப்போது செய்யுங்கள், போகும்போது வேண்டாம். வண்டி ஓட்டி வந்தவர் அன்றே தனியாகத் திரும்ப வேண்டாம், ஓர் இரவு தூங்கிவிட்டுக் காலையில் கிளம்பட்டும். எங்கள் மாமா மறுநாள் வரும் வழியில் தண்ணீர் கொடுத்த நாலு வீடுகளில் நின்று, விபூதிப் பொட்டலமும் லட்டும் கொடுத்துவிட்டு வந்தார்.